வன்னியில் அவசரகாலத் தொடர்புக்கு யார் காசு கட்டுவது?

நெடுங்கேணியில் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டார் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழைக்கிறார்கள். அந்த அழைப்பு முதலில் பக்கத்திலுள்ள கைத்தொலைபேசிக் கோபுரத்துக்குப் போகிறது. அங்கிருந்து தெற்கே இறங்கி, கொழும்புப் பக்கத்தில் இருக்கும் அழைப்பு மையத்தை அடைகிறது. மையத்தில் இருப்பவர் விபரம் கேட்டு, நோயாளிக்கு மிகக் கிட்ட எந்த அம்புலன்ஸ் நிற்கிறது என்று திரையில் பார்த்து, அதில் இருப்பவர்களுக்குத் தகவல் அனுப்புகிறார். அந்தத் தகவலும் கைத்தொலைபேசி வலையமைப்பின் ஊடாகத்தான் வன்னிக்குத் திரும்பி வருகிறது. வண்டி பத்துக் கிலோமீற்றர் தள்ளி நிற்கலாம். செய்தியோ போக வர ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடுகிறது.

சாதாரண நாளில் இதில் ஒரு குறையும் இல்லை. அந்த ஓட்டத்துக்கு ஒரு நொடிகூடப் பிடிக்காது. ஆனால் வழியில் எங்காவது கண்ணாடியிழை வடம் அறுந்தால், அல்லது கோபுரத்துக்கு மின்சாரம் நின்றால், பக்கத்து ஊரில் வண்டி தயாராக நின்றாலும் இங்கே ஆள் கிடப்பது அங்கே தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது வடங்களும் அறுந்தன, மின்சாரமும் நின்றது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த நாட்களில், வன்னியிலும் பல ஊர்களில் பாதை போனதோடு தொலைபேசியும் போனது. கனடாவிலும் லண்டனிலும் இருந்த பிள்ளைகள் தாய் தகப்பனின் குரலைக் கேட்க முடியாமல் தவித்தார்கள். அது பெரிய வேதனைதான். அதைவிடப் பெரிய ஆபத்து, வெள்ளத்துக்குள் இறங்க வேண்டியவர்களும் அதே கைத்தொலைபேசியையே நம்பியிருந்தார்கள் என்பது.

ஒரு கைத்தொலைபேசிக் கோபுரம் மின்சாரம் இல்லாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும்? அடியில் உள்ள மின்கலங்கள் பொதுவாகச் சில மணி நேரத்துக்குத்தான் போதும். அதன்பின் ஜெனரேற்றர் வேண்டும். ஜெனரேற்றருக்கு டீசல் வேண்டும். டீசல் கொண்டுபோக வீதி வேண்டும். வீதிக்கு மேலால் தண்ணீர் பாயும்போது இந்தச் சங்கிலி முதல் நாளிலேயே அறுந்துவிடும். மின்சாரம் இருக்கும் இடத்திலும் இன்னொரு தொல்லை உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் அழைப்பதால் கோபுரம் நெரிசலில் திணறும். பிரதேச செயலாளரின் அழைப்புக்கும் சும்மா சுகம் விசாரிக்கும் அழைப்புக்கும் அது வேறுபாடு காட்டாது.

இதற்காகத்தான் உலகின் பல நாடுகள் மீட்புப் பணியாளர்களுக்கென்று தனியான கம்பியில்லா வலையமைப்பை வைத்திருக்கின்றன. அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வோக்கிடோக்கி. கையில் ஒரு கருவி, உயரமான கம்பத்தில் அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ஒரு மறுபரப்பி, அதற்கு ஒரு மின்கலம். கொழும்புக்குப் போய்வர வேண்டியதில்லை. மறுபரப்பி உயிரோடு இருக்கும்வரை மாவட்டத்துக்குள் பேசலாம். அது செத்தாலும் சில கிலோமீற்றருக்குள் கருவிக்குக் கருவி நேரடியாகப் பேசலாம். மற்றது புதிய வகை. கைத்தொலைபேசித் தொழில்நுட்பத்தையே எடுத்து, மீட்புப் பணியாளர்களுக்குத் தனி அலைவரிசையும் முன்னுரிமையும் கொடுப்பது. சைரன் போட்ட அம்புலன்ஸுக்கு ஏ9 வீதியில் மற்ற வாகனங்கள் ஒதுங்கி வழிவிடுவதைப்போல, இதில் சாதாரண அழைப்புகள் ஒதுங்கி வழிவிடும். படம், வரைபடம், காணொளி எல்லாம் அனுப்பலாம். செலவும் அதற்கேற்றபடி பலமடங்கு.

இந்தச் செலவு யாருடையது? வன்னியில் இன்று இருப்பதை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சட்டைப்பை இருப்பது தெரியும்.

பொலிஸும் முப்படைகளும் தங்கள் தங்கள் வானொலி வலையமைப்பை வைத்திருக்கின்றன. அதற்குத் திறைசேரி நேரடியாகப் பணம் கொடுக்கிறது. அதில் கேள்விக்கு இடமில்லை, பாதுகாப்புச் செலவில் அது கரைந்துவிடும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இந்திய நன்கொடையில் பிறந்தது. 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்க சுமார் 7.6 மில்லியன் டொலர், பிறகு நாடெங்கும் விரிவாக்க இன்னும் 15 மில்லியன் டொலர் கிடைத்தது. 2018 ஜூலை 21ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் நடந்த நிகழ்வோடு வடக்குக்கு வந்தது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அது ஒரு மன்றமாக்கப்பட்டது. வண்டி வாங்கியது நன்கொடை, அதை ஓட வைப்பது இப்போது நம் அரசாங்கத்தின் பொறுப்பு. ஆனால் அந்தப் பணத்தில் தனி வலையமைப்பு எதுவும் கட்டப்படவில்லை. நீங்களும் நானும் பயன்படுத்தும் அதே சிக்னல்தான்.

தீயணைப்பு இன்னொரு கதை. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிப் பொதுச் சந்தை இரவில் தீப்பிடித்தபோது ஊரில் ஒரு தீயணைப்பு வண்டிகூட இல்லை. அறுபது கிலோமீற்றருக்கு மேல் தள்ளியிருக்கும் யாழ்ப்பாணத்திலிருந்துதான் வர வேண்டியிருந்தது. வந்து சேர்வதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் சாம்பல். அதன் பிறகுதான் கரைச்சிப் பிரதேச சபையின் கீழ் தீயணைப்புப் பிரிவு உருவானது. இலங்கையில் தீயணைப்பு உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. அதாவது உங்கள் சோலைவரியிலும் கடை வாடகையிலும் சந்தைக் குத்தகையிலும் நடப்பது. கொழும்பு மாநகர சபைக்கு அது முடியும். போரில் தரைமட்டமாகி மீண்டும் எழுந்த ஒரு பிரதேச சபையிடம், வண்டியையும் பார்த்து, ஆளையும் வைத்து, தனி வானொலிக் கோபுரமும் போடு என்று சொல்வது நியாயமில்லை.

கரையோரத்துக்கு வருவோம். 2004 சுனாமி முல்லைத்தீவில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவானது, 117 என்ற அவசர அழைப்பு இலக்கம் வந்தது. நாட்டின் கரையோரம் முழுவதும் 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நட்டார்கள். அவற்றில் பல இயங்கவில்லை என்ற செய்தி அண்மைய ஆண்டுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. உதிரிப்பாகம், பராமரிப்பு ஒப்பந்தம், தொழில்நுட்பம் பழையதாகிவிட்டது என்று காரணங்கள் சொல்லப்படும். எல்லாக் காரணங்களுக்கும் அடியில் இருப்பது ஒன்றே: நடுவதற்குப் பணம் கிடைத்தது, வருடா வருடம் பேணுவதற்கு நிரந்தரமான பணம் ஒதுக்கப்படவில்லை.

2009 ஜனவரியில் டயலொக் தொலைபேசி நிறுவனமும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துடன் சேர்ந்து ஓர் எச்சரிக்கை வலையமைப்பைத் தொடங்கின. கைத்தொலைபேசிக்கு எச்சரிக்கைச் செய்தி அனுப்பும் ஏற்பாடு. அதன் செலவை ஒரு தனியார் நிறுவனம் தன் சமூகப் பொறுப்பாக ஏற்றது. நல்ல காரியம், மனதாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அதுவும் கோபுரம் உயிரோடு இருக்கும்வரைதான் வேலை செய்யும். அதோடு, ஒரு நிறுவனத்தின் நல்ல மனதில் ஒரு மாவட்டத்தின் பாதுகாப்பைத் தொங்கவிட முடியாது.

வன்னியில் மிக ஒழுங்காக இயங்கிவரும் தனி வானொலி ஏற்பாடு எதுவென்று கேட்டால், நான் கண்ணிவெடி அகற்றுபவர்களைக் காட்டுவேன். ஹலோ டிரஸ்ட், மாக் ஆகிய அமைப்புகளின் அணிகள் இருபது வருடத்துக்கும் மேலாக இந்த மண்ணில் வேலை செய்கின்றன. டாஷ், ஷார்ப் ஆகியவை பிறகு சேர்ந்தன. காலையில் களத்துக்கு வந்ததும் மேற்பார்வையாளர் முதலில் பார்ப்பது மூன்றை: மருத்துவ உதவியாளர் வந்துவிட்டாரா, காயப்பட்டவரை ஏற்றிச்செல்லும் வாகனம் நிற்கிறதா, வோக்கியில் தளம் பதில் சொல்கிறதா. தளத்திலிருந்து பதில் வராவிட்டால் அன்று யாரும் வெடி நிலத்துக்குள் கால் வைக்கக்கூடாது. சர்வதேசக் கண்ணிவெடி நடவடிக்கை நியமங்கள் தொடர்பாடலையும் மருத்துவ ஏற்பாட்டையும் வேலையின் நிபந்தனையாக வைத்திருக்கின்றன. ஆகவே நன்கொடை கொடுக்கும் நாடுகள் கருவிகளின் விலையையும், மின்கலம் மாற்றும் செலவையும், பழுதுபார்ப்பையும் ஒப்பந்தத்துக்குள்ளேயே கட்டிவிடுகின்றன. இந்த அணிகளில் வேலை செய்பவர்கள் பெரும்பாலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பெண்களும் இளைஞர்களும்தான். வானொலி ஒழுக்கத்தை நம் பிள்ளைகள் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். இலங்கை கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது 2017 டிசெம்பரில். அதன்படி வெடிகளை அகற்றி முடிக்கக் குறித்த காலக்கெடு 2028 ஜூன். வேலை முடியும்போது நன்கொடையும் போகும், அந்த வலையமைப்பும் கழற்றப்படும். இது முன்பும் நடந்தது. போர்க்காலத்தில் ஐக்கிய நாடுகள் அமைப்புகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தம் வானொலி வசதியோடு இருந்தன. 2008 செப்டெம்பரில் கிளிநொச்சியை விட்டு அவர்கள் வெளியேறியபோது அதுவும் அவர்களோடு போனது.

வெள்ளம் வரும்போது முதலில் ஓடவேண்டியவர் கிராம அலுவலர். அவர் கையில் இருப்பது சாதாரண கைத்தொலைபேசி. 2018 டிசெம்பர் 21 இரவு கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் மழை கொட்டி, குளங்கள் வான் பாய்ந்து, பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தபோது, எந்தக் குளத்தின் கதவு எப்போது திறக்கிறது, எந்த வீதி மூடியிருக்கிறது என்ற செய்திதான் மிகவும் தேவைப்பட்டது. இரணைமடுக் குளத்தின் கீழே இருக்கும் கண்டாவளை மக்களுக்கு அந்தச் செய்தி அரை மணி முன்னால் கிடைப்பதும் பின்னால் கிடைப்பதும் ஒன்றல்ல.

வன்னிக்கு இன்னொரு சுமையும் உண்டு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் பற்றரிகூட உள்ளே வரக்கூடாத பொருளாக இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. தொடர்பாடல் கருவி என்றாலே பாதுகாப்புப் பிரச்சினை என்று பார்க்கும் பழக்கம் அந்தக் காலத்தோடு முழுமையாக ஒழிந்துவிடவில்லை. இன்றும் சீருடை இல்லாத ஒருவர் கையில் வோக்கி இருந்தால் கேள்வி எழும். அதனால் அவசரகால வானொலி என்பது படையினரின் பொருளாகவே இருக்கிறது. வெள்ளத்தில் படகோடு வரும் கடற்படையினருக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் கிராம அலுவலரும், குடும்பநல உத்தியோகத்தரும், நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கதவுக் காவலரும் தங்களுக்குள் பேச ஒரு வழி வேண்டும். அது பொதுமக்கள் நிர்வாகத்தின் கையில் இருக்க வேண்டும்.

தனியார் நிறுவனங்கள் இதைக் கட்டாதா என்று கேட்கலாம். கட்டாது, அதில் வியப்பில்லை. 2012 குடிசன மதிப்பீட்டில் வன்னியின் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் சேர்த்து நான்கு இலட்சத்துக்கும் குறைவான மக்கள். நிலப்பரப்போ 5,800 சதுர கிலோமீற்றருக்கு மேல். கொழும்பு மாவட்டம் 700 சதுர கிலோமீற்றருக்குள் இருபது இலட்சத்துக்கு மேல் மக்களை வைத்திருக்கிறது. தொலைபேசி நிறுவனம் ஆள் இருக்கும் இடத்தில் கோபுரம் போடும், அது வியாபாரம். ஆபத்து அப்படிக் கணக்குப் பார்க்காது. யானை மறிக்கும் காட்டுப் பாதையிலும், நாயாற்று முகத்துவாரத்திலும், துணுக்காயின் வயல்வெளியிலும் அது வரும். தலைக் கணக்கில் பார்த்தால் வன்னிக்கு எப்போதும் கடைசி இடம்தான்.

மற்ற நாடுகள் என்ன செய்தன? அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். கட்டடத்துக்குள் இருந்தவர்களில் பலருக்கு வெளியேறச் சொன்ன வானொலிச் செய்தி ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பத்து வருட வாதத்துக்குப் பிறகு 2012இல் சட்டம் இயற்றினார்கள். அலைவரிசைகளை ஏலம் விட்டு வந்த பணத்தில் 7 பில்லியன் டொலரை ஒதுக்கி, ஃபர்ஸ்ட்நெட் என்ற வலையமைப்பை உருவாக்கினார்கள். 2017இல் ஏ.டி.அன்ட்.டி நிறுவனத்துக்கு 25 வருட ஒப்பந்தம். அரசு 6.5 பில்லியன் டொலரும் 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையும் கொடுக்கும். நிறுவனம் கட்டி நடத்தும். மீட்புப் பணியாளர்களுக்குத் தேவைப்படாத நேரத்தில் மிச்ச இடத்தைச் சாதாரண வாடிக்கையாளருக்கு விற்றுக்கொள்ளலாம். பொலிஸும் தீயணைப்பும் மாதச் சந்தா கட்ட வேண்டும். இதைத் தவிர, 911 அவசர அழைப்பு மையங்களுக்காக அங்கே பல மாநிலங்களில் தொலைபேசிக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகை சேர்த்து வாங்குகிறார்கள். அந்தப் பணத்தைச் சில மாநிலங்கள் வேறு செலவுக்குத் திருப்பிவிடுகின்றன. எந்த மாநிலம் திருப்பியது என்று மத்திய தொடர்பாடல் ஆணையம் வருடந்தோறும் அறிக்கை வெளியிட வேண்டும் என்பது சட்டம். அந்த அறிக்கை எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

பிரிட்டன் தனியாரிடம் முழுமையாக விட்டது. ஏர்வேவ் என்ற வானொலி வலையமைப்பை 2016இல் மோட்டோரோலா வாங்கியது. அதற்கு மாற்றாகக் கைத்தொலைபேசி வழியிலான புதிய வலையமைப்பைக் கொண்டுவரத் திட்டமிட்டு, அது வருடக்கணக்காகத் தள்ளிப்போனது. வேறு வழியில்லாத பொலிஸும் அம்புலன்ஸும் பழையதற்கே கேட்ட விலையைக் கொடுத்தன. கடைசியில் 2023இல் அந்நாட்டுப் போட்டி ஆணையம் தலையிட்டு விலைக்கு உச்சவரம்பு போட்டது. தென்கொரியா 2014 செவோல் கப்பல் விபத்தில் 304 பேரை இழந்தபின் அரசின் செலவில் தனி வலையமைப்பைக் கட்டி 2021இல் முடித்தது. அடுத்த வருடமே சியோலின் இத்தேவோன் தெரு நெரிசலில் 159 பேர் இறந்தார்கள். வலையமைப்பு இருந்தும் துறைகள் அதில் ஒன்றோடொன்று சரிவரப் பேசவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. ஒத்திகைக்கும் பணம் வேண்டும் என்பதை நாம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

யாரும் பணம் கொடுக்காத உதவியும் ஒன்று உண்டு. 2004 சுனாமியில் தென்னிலங்கையில் தொலைபேசி விழுந்தபோது, விக்டர் குணதிலக்கவும் அவரது அமெச்சூர் வானொலி நண்பர்களும் சிற்றலைக் கருவிகளை எடுத்துக்கொண்டு போய் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினார்கள். சொந்தக் கருவி, சொந்தக் காசு. வன்னியிலும் பாடசாலை, பல்கலைக்கழக மட்டத்தில் அனுமதி பெற்ற அமெச்சூர் வானொலிக் குழுக்கள் வளர வேண்டும். ஆனால் அது துணைக்கு மட்டும்தான்.

இனி நம் சொந்தப் பணப்பையைப் பார்ப்போம். நீங்கள் தொலைபேசியில் பேசும் ஒவ்வொரு அழைப்புக்கும் 15 வீதம் தொலைத்தொடர்பு வரி கட்டுகிறீர்கள். அதற்கு மேல் 2024 ஜனவரி முதல் பெறுமதிசேர் வரி 18 வீதம். 1000 ரூபா அழைப்புக் கட்டணம் என்றால் முந்நூறு ரூபாவுக்கு மேல் வரியாகவே போகிறது. அலைவரிசைக்காக நிறுவனங்கள் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்குக் கட்டும் பணமும் கடைசியில் உங்கள் கட்டணத்திலிருந்து வருவதுதான். வெளிநாட்டு அழைப்புகள் மீது 2004ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நிதிச் சட்டம் தனி வரி விதித்தது. தொலைத்தொடர்பு எட்டாத இடங்களை வளர்ப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. ரொறன்ரோவிலிருந்தும் பாரிஸிலிருந்தும் ஊருக்கு அழைத்தவர்கள் வருடக்கணக்காக அதற்குப் பங்களித்தார்கள். இப்போது எல்லோரும் வட்ஸ்அப்பில் பேசுவதால் அந்த ஊற்று வற்றிவருகிறது. எனினும் மொத்தத்தில் பணம் கட்டப்படுகிறது. அதில் ஒரு சதவீதமாவது அவசரகாலத் தொடர்புக்கென்று பெயர் குறித்து ஒதுக்கும் சட்டம் இல்லை. எல்லாம் பொதுக் கணக்கில் கலந்துவிடுகிறது.

என் கருத்தில், வன்னிக்கு இன்று வேண்டியது அமெரிக்க அளவிலான வலையமைப்பு அல்ல. மாவட்டத்துக்குச் சில மறுபரப்பிகள், ஏற்கெனவே நிற்கும் கோபுரங்களில் ஏற்றி, சூரியசக்தியில் இயங்கும்படி. மாவட்டச் செயலகம், பிரதேச செயலகங்கள், வைத்தியசாலைகள், பெரிய குளங்களின் கதவடி, தீயணைப்பு, 1990 வண்டிகள், தாழ்நிலக் கிராம அலுவலர்கள் ஆகியோர் கையில் கருவிகள். வாங்கும் செலவு ஒரு முறைதான். அதற்கு நன்கொடையாளரோ புலம்பெயர் சங்கமோ கிடைப்பார்கள், படம் எடுத்துக் கையளிப்பார்கள். பிறகுதான் உண்மையான செலவு ஆரம்பம். கருவியின் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் ஊதிவிடும். ஐப்பசி இடிமின்னல் அன்ரனாவைப் பதம் பார்க்கும். இடம் மாறிப் போகும் உத்தியோகத்தரோடு கருவி எங்கே வைத்தது என்ற விபரமும் போகும். ஒரு தொழில்நுட்பவியலாளரின் சம்பளமும், உதிரிப்பாகமும், மாதாந்த வானொலி ஒத்திகையும் வருடாந்த மதிப்பீட்டில் ஒரு செலவினமாக இல்லாவிட்டால், அந்தக் கருவிகளும் எச்சரிக்கைக் கோபுரங்களின் வழியே போகும். அந்தச் செலவினத்தைத் திறைசேரி எழுத வேண்டும், தொலைத்தொடர்பு வரிப் பணத்திலிருந்து எழுத வேண்டும். பிரதேச சபைகளின் தலையில் போடக்கூடாது.

இதைக் கேட்க உங்களுக்கு வழி இருக்கிறது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் உங்கள் பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அங்கே இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். நம் மூன்று மாவட்டங்களில் எத்தனை எச்சரிக்கைக் கோபுரங்களும் வானொலிக் கருவிகளும் இருக்கின்றன, அவற்றில் எத்தனை இன்று வேலை செய்கின்றன, கடந்த ஐந்து வருடங்களில் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கி எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிக்க வேண்டும்.